கொங்கு வெயிலில் பச்சோந்திக் கூண்டு: பல்பு எதற்கு, டியூப் எதற்கு, எதை எப்போது அணைப்பது?

பச்சோந்தி வளர்ப்புக்கு இணையத்தில் கிடைக்கும் வெப்பநிலைப் பட்டியல்களில் பெரும்பாலானவை, வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ‘வெயில் காயும் கிளையில் 90 ஃபாரன்ஹீட், 75 வாட் பல்பு, நாளைக்கு 12 மணி நேரம்’ என்று போட்டிருக்கும். அங்கே அது சரி. சித்திரை மாதத்து ஈரோட்டில், மேல்மாடி அறை ஒன்றில், பல்பே போடாமல் முற்பகலிலேயே அந்த 90 ஃபாரன்ஹீட் வந்துவிடும். அதாவது 32 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் 75 வாட் பல்பும் எரிந்தால் பச்சோந்திக்கு ஒதுங்க இடமில்லை.

இதற்குப் பயந்து எல்லா விளக்கையும் அணைத்து வைப்பவர்களும் உண்டு. அப்போது சூட்டில் சாகாது. ஆறேழு மாதத்தில் எலும்பு வளைந்து சாகும். குழப்பத்துக்குக் காரணம், சூடு தரும் விளக்கையும் புறஊதாக் கதிர் தரும் விளக்கையும் ஒன்றாக நினைப்பதுதான். இரண்டுக்கும் வேலை வேறு, நேரமும் வேறு.

எந்தப் பச்சோந்தி?

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்துக் கிளுவை வேலியில் தென்படும் நம் ஊர்ப் பச்சோந்தியைப் பற்றியது அல்ல இந்தக் கட்டுரை. அது வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம்.

வளர்ப்பில் இருப்பவை வெளிநாட்டு இனங்கள். முக்கியமாக மூன்று: அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியைச் சேர்ந்த ஏமன் பச்சோந்தி (கடைக்காரர்கள் ‘வெயில்டு’ என்பார்கள்), மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி, கென்யா, தான்சானியா மலைகளின் ஜாக்சன் பச்சோந்தி. மூன்றும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் உயிருள்ள விலங்கினங்களுக்கான பதிவு விதிகள் வந்தபின், இவற்றை வைத்திருப்பவர் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். காகிதம் இல்லாத விலங்கைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று வாங்கினால், கூண்டின் வெப்பநிலையைவிடப் பெரிய தலைவலி காத்திருக்கிறது.

சூடு உடலுக்குள் என்ன செய்கிறது

பச்சோந்தி தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. கிளுவை வேலியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காலையில் வேலியின் கிழக்குப் பக்கம் வந்து, உடலைத் தட்டையாக்கி, நிறத்தைக் கருப்பாக்கி, வெயிலுக்குப் பக்கவாட்டில் நிற்கும். வேண்டிய சூடு ஏறியதும் நிறம் வெளுத்து, வேலிக்குள் இறங்கிவிடும். கூண்டுக்குள் நாம் அமைக்க வேண்டியது இந்த வேலியைத்தான்: மேலே ஒரு இடம் சூடு, கீழே நிழலும் குளிர்ச்சியும், நடுவில் ஏறி இறங்கக் கிளைகள்.

சூடு போதாவிட்டால் தின்ற பூச்சி செரிக்காமல் குடலில் கெடும். நோய் எதிர்ப்பும் குறையும். சூடு மிகுந்தால் நீர் வற்றும், கண் குழியும். பெண் ஏமன் பச்சோந்திக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஆணே இல்லாவிட்டாலும் அது முட்டை வைக்கும். கூண்டின் சூடும் தீனியும் கூடக்கூட ஒரு ஈட்டில் வைக்கும் முட்டைகளும் கூடும். 60, 80 என்று போகும். அத்தனை முட்டைக்கும் சுண்ணாம்புச்சத்து அதன் எலும்பிலிருந்துதான் போகிறது. முட்டை வெளிவராமல் உள்ளேயே கட்டிக்கொண்டு சாகும் பெண்களில் பல, அதிகச் சூட்டிலும் அதிகத் தீனியிலும் வளர்ந்தவை.

வேண்டிய அளவுகள்

கீழே உள்ளவை வளர்ந்த விலங்குக்கானவை, டிகிரி செல்சியஸில்.

1. ஏமன், ஆண்: வெயில் காயும் கிளையில் 29 முதல் 32, கூண்டின் மற்ற இடங்களில் 22 முதல் 27, இரவில் 15 முதல் 20.
2. ஏமன், பெண்: கிளையில் 27 முதல் 29 போதும். மற்றவை ஆணுக்குப் போலவே.
3. பாந்தர்: கிளையில் 29 முதல் 31, மற்ற இடங்களில் 22 முதல் 27, இரவில் 18 முதல் 22.
4. ஜாக்சன்: கிளையில் 26 முதல் 28, மற்ற இடங்களில் 20 முதல் 24, இரவில் 10 முதல் 16.

குஞ்சுகளின் உடல் சிறியது, சீக்கிரம் சூடேறும். எந்த இனமானாலும் கிளையில் 28-ஐத் தாண்ட விடக் கூடாது.

கோயம்புத்தூரில் ஏப்ரல் மாதப் பகல் உச்சம் சராசரியாக 35, 36 டிகிரி. இரவுக் குறைவு 23 பக்கம். டிசம்பர், ஜனவரியில் பகல் 29, 30. இரவு 18, 19. ஈரோடும் கரூரும் இதைவிடச் சூடு. கத்திரி வெயிலில் அங்கே 40-ஐத் தொடுவது அதிசயமில்லை. பட்டியலோடு ஒப்பிட்டால் ஒன்று தெரியும். பகல் சூட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் இரவுக் குளிர்ச்சிக்குத்தான் பஞ்சம். ஏமன் என்றதும் பாலைவனம் என்று நினைத்து அதைச் சூட்டு விலங்காக நடத்துகிறார்கள். அது வாழும் மலைச்சரிவுகளில் பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கும்.

ஜாக்சன் சமவெளிக்கு ஏற்றதே அல்ல. வால்பாறை, குன்னூர் என்றால் யோசிக்கலாம். கரூரிலோ நாமக்கல்லிலோ குளிர்சாதன அறை இல்லாமல் அதை வாங்குவது, வாங்கிக் கொல்வதுதான்.

கூண்டு

குளிர்நாட்டார் சூட்டைப் பிடித்து வைக்கக் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். நான்கு பக்கமும் மேல் பக்கமும் வலை அடித்த, 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரக் கூண்டு போதும். அலுமினிய ஜன்னல் செய்பவரிடம் சொன்னால் செய்து தருவார். தரையில் வைக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும். நம் தலைக்கு மேலே இருந்தால்தான் பச்சோந்திக்கு நிம்மதி. உள்ளே மணி பிளாண்ட், செம்பருத்தித் தொட்டிகள். மேற்குச் சுவர் அறையும் சிமெண்ட் அட்டைக் கூரையும் கூடாது. கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே வேறு வழியில்லாமல் வைப்பவர், மாசி முடிவதற்குள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு 10 மணிக்கும் கீழே அனல் விடும்.

சூட்டு பல்பு: பொருத்துவதும் அளப்பதும்

40 அல்லது 60 வாட் சாதாரண இழை பல்பு, இல்லையேல் அதே அளவு ஹாலஜன். எல்இடி பல்பு சூடு தராது. சிவப்பு, நீல ‘இரவு பல்பு’ எதுவும் வேண்டாம்.

1. பல்பு கூண்டுக்கு வெளியே, மேல் வலைக்கு மேலே, ஹோல்டரில் தொங்க வேண்டும். உள்ளே தொங்கவிட்டால் அதைப் பிடித்து ஏறிச் சுட்டுக்கொள்ளும்.
2. வெயில் காயும் கிளையை மேல் வலையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. கீழே கட்டவும்.
3. கம்பியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கவும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். உணரியைக் கிளையில் ஒட்டக் கட்டாமல், கிளையிலிருந்து 7, 8 செ.மீ. உயரத்தில், பச்சோந்தியின் முதுகும் கொண்டையும் (தலைமேல் எழும்பி நிற்கும் பகுதி) வரும் இடத்தில் நூல் கட்டி நிறுத்தவும்.
4. பல்பு போட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பார்க்கவும். கூடுதலாக இருந்தால் முதலில் பல்பை உயர்த்தவும், பிறகு வாட்டைக் குறைக்கவும்.
5. இதே அளவீட்டை மார்கழியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை திரும்பச் செய்யவும்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பல்பு கிளையிலிருந்து 20 செ.மீ. மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண் ஏமனின் கொண்டை கிளையைவிட 8 செ.மீ. உயரத்தில் நின்றால், பல்புக்கும் அதற்கும் 12 செ.மீ.தான் இடைவெளி. தூரம் குறையக் குறையக் கதிர்வெப்பம் அதன் வர்க்க விகிதத்தில் ஏறும்: கிளைக்குக் கிடைப்பதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு கொண்டைக்கு. கிளையில் 30 காட்டும் கூண்டில் கொண்டை வெந்துபோவது இப்படித்தான். முதலில் கொண்டையிலோ முதுகு விளிம்பிலோ ஒரு வெளிர் திட்டு தெரியும். சில நாளில் அது கருத்துப் பொருக்காகும். தோலுரிப்பு என்று விட்டுவிடுவார்கள்.

மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம் பக்கங்களில் தறிகள் நின்ற நேரத்தில் வோல்டேஜ் ஏறுவது உண்டு. 230-இல் இருந்து 250-க்குப் போனால் இழை பல்பின் வெப்பம் 14 சதவீதம் அளவுக்குக் கூடும். தறி ஓடும் நாளில் சரிபார்த்துவிட்டு, தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமை ஏமாறலாம். விளக்குக்கான டிம்மர் ஒன்று போட்டால் போதும். ஃபேன் ரெகுலேட்டர் இதற்கு ஆகாது. கூடவே, நாமக்கல் பக்கம் முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கி, 33 டிகிரியில் பல்பு அணையும்படி வைத்துவிடலாம். அது காவலுக்கு மட்டும்தான். தினசரி சூட்டை அதை நம்பி ஓட்டினால் பல்பு எரிந்து எரிந்து அணையும், விலங்கு மிரளும். புறஊதா டியூப்பை அந்தக் கருவியோடு இணைக்கவே கூடாது.

புறஊதா டியூப்: கண்ணுக்குத் தெரியாத பாதி

சூரிய ஒளியில் ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பகுதிதான் புறஊதா-பி. இது தோலில் படும்போது அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப்பொருள் முன்-வைட்டமினாக மாறும். பிறகு உடல் சூட்டில் அது வைட்டமின் டி3 ஆகும். கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே குடல் சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சும். இந்தச் சங்கிலி அறுந்தால், எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் அது எச்சத்தோடு வெளியேறும். உடல் எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். தாடை மென்மையாகும், முன்னங்கால் வில்லாக வளையும், நாக்கு நீண்டு போய்த் திரும்பி வராமல் தொங்கும். வளைந்த எலும்பு பிறகு நேராவதில்லை.

சங்கிலியின் நடுவில் ‘உடல் சூட்டில்’ என்று வருவதைக் கவனிக்க வேண்டும். சூட்டு பல்பும் டியூப்பும் ஒரே கிளைமேல் படும்படி பொருத்துவது அதனால்தான். பச்சோந்தி வெயில் காயும்போதே கதிரும் கிடைக்க வேண்டும்.

டி3 பொடியைத் தீனியில் தூவினால் போதாதா? தீனியில் போகும் டி3-க்கு உடலில் கடிவாளம் இல்லை. மிஞ்சினால் கொழுப்பில் சேர்ந்து நஞ்சாகும். தோலில் உருவாவது மிஞ்சினால் அதே ஒளியால் சிதைந்துவிடும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தீனியில் டி3 குறைவாகப் பெற்ற பாந்தர் பச்சோந்திகள் புறஊதா ஒளியில் தாமாகவே அதிக நேரம் நின்றன. நிறையப் பெற்றவை குறைத்துக்கொண்டன. ஒளியும் நிழலும் இரண்டும் இருந்தால் விலங்கே கணக்குப் பார்த்துக்கொள்ளும். டி3 கலந்த கால்சியம் மாதம் இரண்டு முறை போதும். மற்ற நாளில் டி3 இல்லாதது.

வாங்க வேண்டியது: ஊர்வனவற்றுக்கென்றே செய்த, புறஊதா-பி 5 அல்லது 6 சதவீதம் என்று குறித்த, டி5 (T5, மெல்லிய டியூப் வகையின் பெயர்) உயர்வெளியீட்டு நீள டியூப், பிரதிபலிப்பானோடு. 2 அடிக் கூண்டுக்கு 24 வாட். மேல் வலையின்மேல் வைத்து, அதிலிருந்து 20 முதல் 25 செ.மீ. கீழே கிளை இருந்தால், முதுகு உயரத்தில் புறஊதாக் குறியீடு (கதிரின் வலுவைச் சொல்லும் அளவு, யுவி இண்டெக்ஸ்) 3 அளவில் கிடைக்கும். ஏமனுக்கும் பாந்தருக்கும் அதுதான் இலக்கு. ஆனால் வலையைப் பார்த்துப் போட வேண்டும். கொசுவலை போன்ற பொடிக்கண்ணி வலை கதிரில் பாதியைக்கூடத் தின்றுவிடும். மேல் பக்கத்துக்கு மட்டும் கண்ணி பெரிதான வலை நல்லது. டியூப்புக்கும் விலங்குக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ இருந்தால் புறஊதா-பி சுத்தமாக வராது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் அப்படித்தான். சூடு மட்டும் கிடைக்கும்.

டியூப் ஒளிர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் புறஊதா கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே போகும். போட்ட தேதியை ஸ்கெட்ச் பேனாவில் டியூப் முனையிலேயே எழுதி வைத்து, 12 மாதத்தில் மாற்றவும்.

வாங்கக் கூடாத விளக்குகள்

‘யுவி’ என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மூன்றை மட்டும் சொன்னால் போதும்.

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு உதிரியாக விற்கும் யுவி டியூப் விலை குறைவு. அது 254 நானோமீட்டர், கிருமியைக் கொல்லும் புறஊதா-சி. கூண்டின்மேல் வைத்தால் பச்சோந்தியின் கண்ணும் தோலும் வெந்துவிடும், பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதருடைய கண்ணும்தான். கொசு கொல்லும் நீல விளக்கும், கள்ள நோட்டு பார்க்கும் விளக்கும் 365 முதல் 395 நானோமீட்டர். அவற்றால் டி3 உருவாகாது. மூன்றாவது, மீன் தொட்டி எல்இடி. செடிக்கும் வெளிச்சத்துக்கும் 6500 கெல்வின் (பகல் வெளிச்ச வெள்ளை) எல்இடி கூடுதலாக வைப்பது நல்லதுதான், ஆனால் அது புறஊதா விளக்கின் இடத்தை நிரப்பாது.

வெயிலே கிடைக்கும்போது டியூப் எதற்கு?

நியாயமான கேள்வி. நம் அட்சரேகை 11 டிகிரி. வானம் தெளிந்த பங்குனி நாளில் காலை 9 மணிவாக்கில் புறஊதாக் குறியீடு 3, 4 பக்கம் இருக்கும். உச்சியில் 11-ஐத் தாண்டும். காலை எட்டரை முதல் ஒன்பதேகால் வரை வலைக் கூண்டோடு வெளியே வைத்தால், எந்த டியூப்பும் தராத ஒளி கிடைக்கும். நிபந்தனைகள்: கூண்டில் பாதி இலைநிழல் இருக்க வேண்டும், கண்ணாடிப் பெட்டி கூடவே கூடாது, பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும், பூனையும் காகமும் வரும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கூண்டையே சாய்த்துவிடும். அந்த மாதங்களில் மேகமும் அதிகம். தினமும் வெளியே எடுத்துவைக்க யாராலும் முடியாது என்பதால் டியூப் இருந்தே ஆக வேண்டும்.

ஆண்டு முழுவதும் நேரக் கணக்கு

டியூப்பும் எல்இடியும் 12 மணி நேரம், காலை 7 முதல் மாலை 7 வரை, ஒரு டைமர் சுவிட்சில். இது மாறாது. சூட்டு பல்புதான் மாறும்.

மார்கழி, தையில் காலை 7 முதல் 11 வரை; தேவைப்பட்டால் மாலை 4 முதல் 5 வரை. மாசியில் 7 முதல் 9 வரை. பங்குனி முதல் வைகாசி வரை காலை ஒரு மணி நேரம், அதுவும் அறை 26-க்குக் கீழே இருந்தால் மட்டும். அறை 30-ஐத் தாண்டினால் பல்பு வேண்டவே வேண்டாம். ஆனி முதல் புரட்டாசி வரை காலை இரண்டு, மூன்று மணி நேரம். மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி, கார்த்திகை நாட்களில் அறையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கோடைப் பகலில் கைகொடுப்பது நம் காற்றின் வறட்சி. 36 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை நீராவியாதல் மூலம் ஏறக்குறைய 23 டிகிரி வரை குளிர்விக்க முடியும் என்பது கணக்கு. சாதாரண ஏர் கூலர் அதில் முக்கால் தூரம் போனாலே அறை 26, 27-க்கு வந்துவிடும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காற்று கூண்டில் நேராக அடிக்கக் கூடாது. கடற்கரை ஊர்களில் இந்த வித்தை பலிக்காது, கொங்கில் பலிக்கும்.

இரவு

எந்த விளக்கும் எரியக் கூடாது, ஜீரோ வாட்கூட. மார்கழி இரவின் 18 டிகிரி ஏமனுக்குக் குளிரே அல்ல. பரிதாபப்பட்டு பல்பு போட வேண்டாம். குளிர்ந்த இரவில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போவது நல்லது. மூச்சில் போகும் நீர் மிச்சமாகும். விடியற்காலையில் செடிகள்மேல் இரண்டு நிமிடம் தண்ணீர் தூவினால் இலைத்துளியைக் குடிக்கும்.

ஆனால் பனிப்புகை விடும் ஃபாகர் இயந்திரத்தை இரவு அறை 22-க்கு மேல் இருந்தால் ஓட்டக் கூடாது. சூடும் ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும். கோவையில்கூட சித்திரை இரவுகள் பெரும்பாலும் 22-க்குக் கீழே வராது. ஃபாகரைக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான். இரவில் அறை 26-க்கு இறங்காத வீடுகளில், கரூர், ஈரோட்டு மேல்மாடிகளில், இரண்டு மாதத்துக்குக் குளிர்சாதனம் இல்லாமல் பாந்தர் வைப்பதைத் தவிர்ப்பதே மேல்.

விலங்கைப் பார்த்துத் திருத்துவது

பல்லடம் பக்கம் கோழிக்குஞ்சு வளர்ப்பவர் புரூடருக்குள் வெப்பமானியைவிடக் குஞ்சுகளைத்தான் பார்ப்பார். பல்புக்கடியில் குவிந்தால் குளிர்; ஓரத்துக்கு ஓடினால் சூடு; பரவி மேய்ந்தால் சரி. பச்சோந்திக்கும் இதே வாசிப்புதான், ஒற்றை விலங்கு என்பதால் நிறத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காலையில் கருத்து, தட்டையாகி, அரை மணியில் நிறம் திரும்பி இறங்கிவிட்டால் சூடு சரி. 10 மணி தாண்டியும் கருப்பாகப் பல்புக்கடியிலேயே இருந்தால் சூடு போதவில்லை, அல்லது நோய். பல்பு போட்ட உடனே கீழ்க்கிளைக்குப் போய்விட்டால் கிளையில் சூடு அதிகம். பகலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நிறம் வெளுத்து, வாயைப் பிளந்துகொண்டு, கூண்டின் அடியில் கிடந்தால் அது வெப்பத் தாக்கு. பல்பை அணைத்து, விலங்கை வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றி, அறைச் சூட்டில் உள்ள தண்ணீரை மேலே மெல்லத் தூவ வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். வாய் மூடி, நிறம் திரும்பினாலும் அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

கோடையில் மின்வெட்டு வந்தால் டியூப் எரியாததைப் பற்றிக் கவலையில்லை. ஓரிரு நாள் புறஊதா இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கூலர் நிற்பதுதான் பிரச்சினை. சிறிய இன்வெர்ட்டர் கூலரை இழுக்காவிட்டாலும் ஒரு மேசை ஃபேனை இழுக்கும். நனைத்துப் பிழிந்த சாக்கைக் கூண்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, ஃபேனைச் சாக்குக்கு வெளிப்புறமாகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சாக்கு காயக் காய நனைத்துக்கொண்டிருக்க வேண்டும்.